"உங்கள் நிறுவனத்தின் சர்வர் கிடைக்கவில்லை" என்கிறது விண்டோஸ். என்கிட்ட இருக்கிறது ஒரு ஜெராக்ஸ் மிஷின் மட்டும்தான்

சாத்தூர் ஜெராக்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். சாத்தூர்ல சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஜெராக்ஸ், லேமினேஷன், டிஎன்பிஎஸ்சி அப்ளிகேஷன், பான் கார்டு, ஸ்கூல் பிள்ளைங்களுக்கு புராஜெக்ட் பிரிண்ட், இவ்வளவுதான் தொழில்.

தை மாசம் ஒரு செகண்ட்ஹேண்ட் டெஸ்க்டாப் வாங்கினேன். பிராண்டட் மெஷின், ஐ5 எட்டாவது ஜெனரேஷன், 8 ஜிபி ரேம், மானிட்டரோட சேர்த்து 16,500 ரூபாய். ஏதோ கம்பெனி ஆபீஸ்ல ஓடினதாம். "விண்டோஸ், ஆபீஸ் எல்லாம் போட்டு ஆக்டிவேட் பண்ணியாச்சு தம்பி, கொண்டு போய் பிளக்கைச் சொருகினா போதும்"னு சொல்லிக் குடுத்தாங்க. அதே மாதிரிதான் ஓடிச்சு. ஆடி மாசம் வரைக்கும் ஒரு குறையும் இல்ல.

போன வாரத்துல இருந்து ஸ்கிரீனோட வலது கீழ் மூலையில "ஆக்டிவேட் விண்டோஸ்"னு வெளுத்த எழுத்து நிக்குது. செட்டிங்ஸ்ல போய்ப் பார்த்தா, உங்க ஆர்கனைசேஷனோட ஆக்டிவேஷன் சர்வரைத் தொடர்பு கொள்ள முடியலன்னு இருக்கு. எந்த ஆர்கனைசேஷன்? நானும் என் ஜெராக்ஸ் மிஷினும்தான் ஆர்கனைசேஷன்.

மச்சினன் ஒரு பென்டிரைவ் கொண்டு வந்து குடுத்திருக்கான். அதுல ஒரு ஆக்டிவேட்டர் இருக்காம். "டிஃபென்டரை ஆஃப் பண்ணிட்டு ஒரு கிளிக் பண்ணு மாமா, ரெண்டு நிமிஷ வேலை"ங்கறான். அந்த "ஆஃப் பண்ணிட்டு"தான் எனக்கு உதைக்குது. டிஃபென்டர்ங்கறது விண்டோஸோடவே வர்ற ஆன்டிவைரஸ்தானே? கடைக்கு வர்றவங்க ஆதார், பாஸ்புக் எல்லாத்தையும் இந்த மெஷின்லதான் ஸ்கேன் பண்றேன். அதே நேரம் ஒரிஜினல் வாங்கணும்னா ஆயிரக்கணக்குல சொல்றாங்க. பக்கத்துக்கு ரெண்டு ரூபாய் வாங்குற கடைக்கு அது எத்தனை ஆயிரம் ஜெராக்ஸ்னு கணக்குப் போட்டுப் பார்த்துட்டு கால்குலேட்டரை மூடிட்டேன்.

போடலாமா, வேண்டாமா? பயமுறுத்தாம உள்ளதைச் சொல்லுங்க.

---

ஓசிப்பிரியன்:

தாராளமா போடுங்க ப்ரோ. அஞ்சு வருஷமா என் லேப்டாப்ல அதுதான் ஓடுது. ஒண்ணும் ஆகல. டிஃபென்டர் சும்மா கத்தும், அது மைக்ரோசாஃப்டோட பொருள், பின்ன கத்தாம என்ன செய்யும்? போன வருஷம் இன்ஸ்டா அக்கவுண்ட் ஹேக் ஆச்சு, ஆனா அது வேற விஷயம்.

---

ஸ்க்ரூடிரைவர்:

தம்பி, முதல்ல அந்த பென்டிரைவைச் சொருகாதீங்க. மெதுவா பேசலாம், அந்த எழுத்து அங்கேயே நிக்கட்டும். அதனால ஜெராக்ஸ் நின்னு போகாது. ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ்ல வால்பேப்பர், கலர் மாத்த விடாது, மூலையில எழுத்து நிக்கும். மத்தபடி பிரிண்ட் போகும், செக்யூரிட்டி அப்டேட்டும் வரும். இன்னைக்கே எதாவது செஞ்சாகணும்ங்கற அவசரம் இல்ல.

நான் 19 வருஷமா சர்வீஸ் தொழில்ல இருக்கேன். இந்த விஷயத்துல நான் யோக்கியன் கிடையாது, அதை முதல்லயே சொல்லிடறேன். "ஃபார்மேட் அடிச்சு ஓஎஸ் போட 300 ரூபாய்"னு நான் வாங்கினதெல்லாம் இந்த மாதிரி டூலை நம்பித்தான். என் கழுத்துல சாவிக்கொத்து மாதிரி எப்பவும் ஒரு பென்டிரைவ் தொங்கும். அதுக்கு முன்னாடி சிடி காலம். பிளாட்பாரத்துல 40 ரூபாய்க்கு விண்டோஸ் எக்ஸ்பி சிடி, கவர் மேலேயே மார்க்கர்ல ஆக்டிவேஷன் கீ எழுதியிருக்கும். ஒரிஜினல்னு ஒண்ணு உண்டுங்கறதே எனக்குத் தொழிலுக்கு வந்து நாலு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்.

இப்போ உங்க மெஷினுக்கு வர்றேன். தை மாசம் வாங்கினேன், ஆடியில எழுத்து வந்துச்சுன்னு சொன்னீங்களே, வியாதி என்னன்னு அந்தக் கணக்கே சொல்லுது. 180 நாள்.

பெரிய கம்பெனிங்களுக்கு கேஎம்எஸ்னு ஒரு ஏற்பாடு உண்டு, விண்டோஸ் விஸ்டா காலத்துல இருந்து இருக்கு. ஆயிரம் கம்ப்யூட்டருக்கும் தனித்தனியா கீ அடிக்க முடியாதுல்ல? அதனால கம்பெனிக்குள்ளேயே ஒரு சர்வர் வச்சிடுவாங்க, மத்த மெஷினெல்லாம் அதுகிட்ட ஆக்டிவேஷன் வாங்கிக்கும். குறைஞ்சது 25 மெஷின் இருந்தாத்தான் அந்த சர்வர் விண்டோஸுக்கு ஆக்டிவேஷன் குடுக்கும், ஆபீஸுக்கு 5 போதும். வாங்கின ஆக்டிவேஷன் 180 நாளைக்குத்தான். மெஷின் ஏழு நாளைக்கு ஒரு தடவை சர்வரைத் தேடிப்போய்ப் புதுப்பிச்சுக்கும். வேலைய விட்டுப் போனவன் லேப்டாப்பைக் கையோட கொண்டு போயிட்டா ஆறு மாசத்துல தானா செத்துடணும்ங்கறதுதான் யோசனை.

இந்த ஆக்டிவேட்டருங்க பண்றது என்னன்னா, உங்க மெஷினுக்குள்ளேயே ஒரு போலி சர்வரை உக்கார வச்சு, "நான்தான் உன் கம்பெனி"ன்னு விண்டோஸை நம்ப வைக்கிறது. 180 நாள் முடியறதுக்குள்ள புதுப்பிக்க, பின்னாடி ஓடுற மாதிரி ஒரு வேலையையும் அட்மின் பவரோட நட்டு வச்சிட்டுப் போகும். உங்களுக்கு வித்தவர் அதைத்தான் செஞ்சிருக்கார். நடுவுல ஒரு நாள் டிஃபென்டர் அந்த வேலையைக் களை எடுத்திருக்கும். புதுப்பிக்க ஆள் இல்ல, 180 நாள் தீர்ந்துச்சு, இல்லாத கம்பெனியை உங்க மெஷின் தேடிக்கிட்டு இருக்கு. ஆக மச்சினன் கொண்டு வந்தது உங்களுக்கு ரெண்டாவது டோஸ். முதல் டோஸை நீங்க தெரியாமலே வாங்கியாச்சு.

ஓசிப்பிரியன் தம்பி சொன்னதுல பாதி நிஜம், அதை நான் மறுக்கல. டிஃபென்டர் இதை "ஹேக்டூல், ஆட்டோகேஎம்எஸ்"னு பேர் சொல்லியே பிடிக்கும். டூல்ல விஷம் இல்லாட்டியும் கத்தும், இருந்தாலும் கத்தும். நமக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. "கத்துனா கண்டுக்காதே, ஆஃப் பண்ணு"ன்னு அந்த டூல்காரன் முன்கூட்டியே நமக்குப் பாடம் எடுத்துடறான். திருடன் வர்றதுக்கு முன்னாடி நாயை நாமளே கட்டிப் போடறோம். வந்தது தபால்காரனா திருடனான்னு அப்புறம் எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியல. அந்தக் கதையைச் சொல்லித்தான் ஆகணும்.

ஒரு போட்டோ ஸ்டூடியோ, என் பழைய கஸ்டமர். விண்டோஸ் ஒரு பெரிய அப்டேட் எடுத்ததும் நான் போட்டிருந்த பழைய டூல் வேலை செய்யல. புதுசு தேடினேன். தேடிப் பாருங்க, எல்லா சைட்டும் "நாங்கதான் அதிகாரபூர்வம்"னு போட்டிருப்பான். திருட்டுச் சாவிக்கு எங்கே இருக்கு அதிகாரபூர்வம்? ஒண்ணுல இறக்கினேன். ஜிப் ஃபைல், பாஸ்வேர்டு 1234. அப்போ எனக்கு உறைக்கல. பாஸ்வேர்டு போட்டா ஆன்டிவைரஸ் ஜிப்புக்குள்ள எட்டிப் பார்க்க முடியாது, அதுக்குத்தான் அந்த 1234. கொண்டு போய்ப் போட்டேன், ஆக்டிவேட் ஆச்சு. அவர் வாங்கிக் குடுத்த டீயைக் குடிச்சிட்டு, 300 ரூபாய் வாங்கிட்டு வந்துட்டேன்.

சாயங்காலம் போன் வந்துச்சு. "விண்டோஸ் அப்டேட்னு ஒரு ஜன்னல் ஓடிக்கிட்டே இருக்குப்பா, சிஸ்டம் மெதுவா இருக்கு, ஆஃப் பண்ணிடவா?"ன்னு கேட்டார். நான் சொன்னேன், "அப்டேட் ஓடும்போது ஆஃப் பண்ணாதீங்க சார், ஓஎஸ் போயிடும். முடியட்டும்."

அது அப்டேட் இல்ல. ஸ்டாப், டெஜாவுன்னு சொல்ற ரான்சம்வேர், ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேக்குற வைரஸ். ஃபைலையெல்லாம் பூட்டுற வரைக்கும் நம்மளைச் சும்மா உக்கார வைக்கிறதுக்காகவே பொய்யா ஒரு அப்டேட் ஜன்னலைக் காட்டும். ஆஃப் பண்ணியிருந்தா பாதியாவது தப்பிச்சிருக்கும். முடியட்டும்னு சொன்னது நான்.

மறுநாள் போய்ப் பார்த்தா ஒவ்வொரு ஃபைல் பேருக்குப் பின்னாடியும் நாலெழுத்துல ஒரு வால். ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ஒரு கடிதம்: 980 டாலர், 72 மணி நேரத்துக்குள்ள வந்தா பாதி விலை, 490. ஆடித் தள்ளுபடி மாதிரி. விண்டோஸ் தானா எடுத்து வைக்கிற பழைய காப்பிகளையும் அழிச்சிருந்துச்சு. பேக்கப்னு அவர் வச்சிருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் அந்த நேரத்துல சொருகியே இருந்துச்சு. அதுவும் போச்சு.

எம்சிசாஃப்ட்னு ஒரு கம்பெனி 2019 அக்டோபர்லயே இதுக்கு இலவசமா ஒரு மாத்து மருந்து வெளியிட்டிருந்தாங்க. ஆனா அது பழைய வகைகளுக்கு நல்லா வேலை செய்யும். புது வகையில, பூட்டும்போது நெட் இல்லாம இருந்து, பொதுவான ஆஃப்லைன் சாவியில பூட்டியிருந்தா மட்டும் ஒரு வாய்ப்பு உண்டு. கடிதத்துல இருக்கிற ஐடி கடைசியில "டி1"ன்னு முடிஞ்சா ஆஃப்லைன்னு அர்த்தம். அந்தக் கடைசி ரெண்டு எழுத்தை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு கணக்கில்ல. டி1ன்னு முடியல. ஸ்டூடியோவுல நல்ல ஃபைபர் நெட்.

பூட்டினதுல ஒரு கல்யாண வேலையும் இருந்துச்சு. வீடியோ பெரும்பாலும் வந்துச்சு. அந்தச் சனியன் ஒவ்வொரு ஃபைல்லயும் முதல் 150 கேபி அளவுக்குத்தான் பூட்டும், பெரிய வீடியோ ஃபைல்ல மிச்சம் அப்படியே இருக்கும், தலையை மட்டும் சரி பண்ணி எடுத்துடலாம். ரிசப்ஷன் போட்டோ கேமரா கார்டுல இன்னும் அழியாம இருந்துச்சு. முகூர்த்தம் எடுத்த கார்டு மறுநாள் ஒரு காதுகுத்துக்குப் போயிடுச்சு. தாலி கட்டுற போட்டோவை வீடியோவுல இருந்து ஃபிரேம் ஃபிரேமா பிடிச்சு ஆல்பத்துல வச்சாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க என்ன சொன்னாங்கன்னு நான் கேக்கல. ஸ்டூடியோக்காரர் என்னை ஒரு வார்த்தை திட்டல. ஆனா அதுக்கப்புறம் கூப்பிடவும் இல்ல.

இதுல சத்தம் போடற வகையாவது தேவலை. சத்தமே இல்லாததும் உண்டு. 2021 டிசம்பர்ல ரெட் கேனரின்னு ஒரு செக்யூரிட்டி கம்பெனி எழுதினாங்க, கேஎம்எஸ்பிக்கோங்கற ஆக்டிவேட்டர் பேர்ல வந்த போலி இன்ஸ்டாலர்ல கிரிப்ட்பாட்னு ஒரு திருடனை வச்சு அனுப்பியிருக்காங்கன்னு. அது பிரவுசர்ல சேமிச்சு வச்ச பாஸ்வேர்டை அள்ளிக்கிட்டுப் போயிடும். விண்டோஸும் ஆக்டிவேட் ஆகியிருக்கும், மெஷினும் நல்லா ஓடும், "அஞ்சு வருஷமா ஒண்ணும் ஆகல"ன்னு நாமளும் சொல்லிக்கிட்டு இருப்போம்.

சரி, உங்க வேலைக்கு வழி. நீங்க சொன்னது கம்பெனியில ஓடின பிராண்டட் மெஷின். விண்டோஸ் 8 வந்த 2012-க்கு அப்புறம், விண்டோஸோட விக்கிற பிராண்டட் மெஷின்ல ஒரிஜினல் கீயை மதர்போர்டுல இருக்கிற பயாஸ் சிப்புக்குள்ளேயே எழுதித்தான் அனுப்புறாங்க. உங்களுதுல விண்டோஸ் புரோ பதிப்போட கீ உள்ளேயே தூங்கிக்கிட்டு இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். வித்தவர் அதுக்கு மேல பெரிய கம்பெனிங்களுக்கான என்டர்பிரைஸ் பதிப்பைப் போட்டிருப்பார். பூட்டு ஒண்ணு, சாவி வேற ஒண்ணு, எப்படித் திறக்கும்? செட்டிங்ஸ்ல எந்த எடிஷன்னு பார்த்துச் சொல்லுங்க.

---

சாத்தூர் ஜெராக்ஸ்:

அண்ணே, என்டர்பிரைஸ்னுதான் இருக்கு!! கேபினெட் பின்னாடி விண்டோஸ் 10 புரோன்னு சின்ன ஸ்டிக்கர் ஒண்ணும் ஒட்டியிருக்கு. இவ்வளவு நாள் நான் அதைப் பார்த்ததே இல்ல.

அந்த ஸ்டூடியோ கதையைப் படிச்சிட்டு ராத்திரி தூக்கம் வரல. என் பிரவுசர்ல கஸ்டமருங்க பாஸ்வேர்டே நிறைய சேமிச்சுக் கிடக்கு. "சேவ் பண்ணவா"ன்னு கேக்கும், அவசரத்துல சரின்னு அமுக்கிடுவேன்.

---

லேஅவுட் அக்கா:

சிவகாசியில காலண்டர், கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்றேன், 22 வருஷம் ஆச்சு. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளிவந்தாகணும், அதனால சித்திரை வைகாசியில எங்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. அந்த நேரத்துல மெஷின் நின்னா முதலாளிக்கு நெஞ்சு வலியே வந்துடும்.

ஸ்க்ரூடிரைவர் தம்பி சொன்னதுல விட்டுப்போன ஒண்ணைச் சொல்றேன். எங்க ஊர்ல டிடிபி கத்துக்கிட்ட யாருமே ஒரிஜினல்ல கத்துக்கல. இன்ஸ்டிடியூட்ல மூணு மாச கோர்ஸ், 1,500 ரூபாய் ஃபீஸ், சொல்லிக் குடுத்தது கிராக் பண்ணின பேஜ்மேக்கர், பக்கம் வடிவமைக்கிற சாஃப்ட்வேர். அந்த மூணு மாசம் இல்லாட்டி நான் இன்னைக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல லேபிள் ஒட்டிக்கிட்டு இருந்திருப்பேன். அதனால "திருட்டு, தப்பு"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போக எனக்கு வாய் வரல. விலையை அமெரிக்காக்காரன் சம்பளத்துக்கு வச்சா இங்கே 1,500 ரூபாய் ஃபீஸே நகையை வச்சுக் கட்டினவ என்ன செய்வா?

ஆனா அதுல மாட்டிக்கிறதும் உண்டு. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல, அதோட அந்த சாஃப்ட்வேருக்கு முடிஞ்சு போச்சு, புதுப் பதிப்பு கிடையாது. பழைய தமிழ் ஃபாண்டெல்லாம் அதுலதான் ஒழுங்கா உக்காரும்னு இன்னும் அதையே கட்டி இழுக்கிற ஆபீஸ் எனக்குத் தெரியும். அதுக்காகப் பழைய விண்டோஸ், அதுக்காக ஒரு கிராக், அது ஓடணும்னு ஆன்டிவைரஸே இல்லாத ஒரு மெஷின். ஒரு கம்ப்யூட்டரை மியூசியம் மாதிரி காப்பாத்திக்கிட்டு இருக்காங்க.

எங்க ஆபீஸ்ல இப்போ ஃபைனல் போடற ஒரு மெஷினுக்கு மட்டும் லைசென்ஸ் வாங்கியிருக்கோம். மத்த ரெண்டுல இங்க்ஸ்கேப், இலவசமா கிடைக்கிற டிசைன் சாஃப்ட்வேர். யுனிகோட் தமிழ் அதுல நல்லாவே வருது. பக்கம் வடிவமைக்க இலவசமா கிடைக்கிற ஸ்கிரைபஸ் முன்னாடியெல்லாம் கொம்பை ஒரு பக்கமும் எழுத்தை ஒரு பக்கமுமா வீசும், 1.5 வரிசையில அதையும் சரி பண்ணிட்டாங்க. பழகுறதுக்கு ரெண்டு மாசம் எரிச்சலா இருந்துச்சு, நான் பொய் சொல்லல.

ஓசிப்பிரியன் தம்பி, அந்த "வேற விஷயம்"னு சொன்னீங்களே, அதைக் கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

---

கருப்புக்கோட்டு:

கடை வைத்திருப்பவர் என்பதால் ஒரு சிறு குறிப்பு. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி: சட்டவிரோத நகல் என்று தெரிந்தே ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக அல்ல என்றால் சிறையைத் தவிர்த்து 50,000 வரை அபராதத்தோடு நீதிமன்றம் விடலாம். ஜெராக்ஸ் கடை வியாபாரம்தான். மாமா, மச்சினன் என்ற வாதம் அங்கே எடுபடாது.

---

ஓசிப்பிரியன்:

இதுல 499 ரூபாய்க்கு ஆன்லைன்ல கீ விக்கிறாங்களே, பில்லோட? அதை வாங்கிட்டா லீகல்தானே?

---

ஸ்க்ரூடிரைவர்:

அதுல நிறைய, யாரோ ஒரு கம்பெனிக்கோ காலேஜுக்கோ மொத்தமா குடுத்த கீயைச் சில்லறையில விக்கிறது. இன்னைக்கு ஏத்துக்கும், ஒரு நாள் பிளாக் ஆகும். பில் எதுக்குன்னா, நீங்க காசு குடுத்தீங்கன்னு காட்ட. அவனுக்கு விக்க உரிமை இருந்துச்சான்னு பில்லு சொல்லாது.

சாத்தூர் தம்பி, நீங்க செய்ய வேண்டியது இது. முதல்ல உங்க போன்ல இருந்து (அந்த மெஷின்ல இருந்து இல்ல) ஜிமெயில், பேங்க் பாஸ்வேர்டெல்லாம் மாத்துங்க. கஸ்டமருங்க வந்தா அவங்களையும் மாத்தச் சொல்லுங்க. சங்கடமாத்தான் இருக்கும், சொல்லிடுங்க. கடை ஃபைலை மட்டும் காப்பி எடுங்க, எந்த இன்ஸ்டாலரையும் சேர்த்துக்காதீங்க. வேற நல்ல கம்ப்யூட்டர்ல மைக்ரோசாஃப்ட் சைட்டுக்கே போய் ஒரு பென்டிரைவை விண்டோஸ் 11 இன்ஸ்டால் பண்ற பூட் டிரைவா பண்ணிக்கோங்க. அது ஃப்ரீ, உங்க எட்டாவது ஜெனரேஷனுக்கு ஏறும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சாச்சு. பழைய பார்ட்டிஷனெல்லாம் அழிச்சுட்டுப் போடுங்க. உள்ளே கீ இருந்தா அதுவே படிச்சுக்கும், உங்ககிட்ட கேக்காது.

ஆபீஸுக்கு இலவசமா கிடைக்கிற லிப்ரே ஆபீஸ் போதும். வேர்டுலதான் திறந்தாகணும்னு எவராச்சும் ஃபைல் கொண்டு வந்தா, பிரவுசர்ல ஓடற வேர்டு இலவசம்தான், ஒரு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இருந்தா சரி.

---

சாத்தூர் ஜெராக்ஸ்:

அண்ணே, ஞாயித்துக்கிழமை கடையை அடைச்சுட்டுப் போட்டுட்டேன். கீ கேக்கவே இல்ல. நெட் கனெக்ட் பண்ணி ஒரு டீ குடிச்சிட்டு வந்து பார்த்தா, புரோ, டிஜிட்டல் லைசென்ஸ்ல ஆக்டிவேட் ஆகியிருக்குன்னு வருது. ஒரு பைசா செலவில்ல. வித்த கடைக்குப் போன் போட்டேன், "உள்ளேயே ஒரிஜினல் இருக்கும்போது எதுக்கு இதைப் போட்டீங்க"ன்னு. "நாப்பது மெஷின் வரும் தம்பி, ஒவ்வொண்ணா யாரு பார்த்துக்கிட்டிருப்பா? எல்லாத்துக்கும் ஒரே பென்டிரைவ்தான்"னு சாதாரணமா சொல்றார்.

லிப்ரே ஆபீஸும் போட்டேன். பழைய பத்திரிகை ஃபைலெல்லாம் திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா வருது, என்ன செய்ய?

---

லேஅவுட் அக்கா:

அது பாமினிங்கற பழைய தமிழ் ஃபாண்ட் தம்பி. ஃபைல் கெடல, அந்த ஃபாண்டுதான் இப்போ மெஷின்ல இல்ல. பழைய ஃபாண்ட் ஃபோல்டர் இருந்தா இன்ஸ்டால் பண்ணிட்டுத் திறங்க. புதுசா அடிக்கிறதையாவது யுனிகோட்ல அடிங்க.

---

சாத்தூர் ஜெராக்ஸ்:

வந்துடுச்சுக்கா, நன்றி.

அண்ணே, ஒரு புதுச் சிக்கல். பூட் டிரைவ் பண்ண வேற பென்டிரைவ் கைக்கு அகப்படல. மச்சினனோடதையே எடுத்துப் பண்ணிட்டேன். எப்படியும் அந்த டூல் அழியத்தானே வேணும்னு நினைச்சேன். இப்போ திருப்பிக் கேக்குறான். அதுல அவன் கல்யாண வீடியோ இருந்துச்சாம். வேற காப்பி இல்லையாம்.

---

ஸ்க்ரூடிரைவர்:

எத்தனை ஜிபி?

---

சாத்தூர் ஜெராக்ஸ்:

64.

---

ஸ்க்ரூடிரைவர்:

விண்டோஸ் தின்னது ஏழெட்டு ஜிபிதான் இருக்கும். மிச்சத்துல வீடியோ கிடக்கலாம். இனிமே அதுல ஒரு ஃபைல்கூட எழுதாதீங்க, யாரையும் எழுத விடாதீங்க. ஒரு கவர்ல போட்டு, மேல "தொடாதே"ன்னு எழுதி எடுத்துக்கிட்டு வாங்க. ரிக்கவரி டூல் ஒரிஜினல்தான், போன வருஷம் வாங்கினேன்.